நின்ற வண்டியின் இரு நோய்கள்

ஓடுகின்ற வண்டி தேய்வது இயல்பு. சக்கரத்தின் ரப்பர் தேய்வதும், பிரேக்குக் கட்டை தேய்வதும், எஞ்சினின் உறுப்புக்கள் தேய்வதும் யாவரும் அறிந்தனவே. ஆனால் ஓடாது நிற்கின்ற வண்டியும் நாள்தோறும் கெடுகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "கொட்டகையில் வெயிலும் மழையும் படாமல் நிற்கின்றது, அதற்கென்ன குறை?" என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். அங்ஙனம் நிற்கும்பொழுதுதான் அடிச்சட்டத்தின் இரும்பு துருவாகின்றது. நிற்கும்பொழுதுதான் பாட்டரியின் ஆற்றல் ஒழுகிப் போகின்றது. இவ்விரு நோய்களையும் எம் கல்லூரியின் பழைய வண்டியொன்றில் நேரிற் கண்டு ஆராயும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றை மாணவ நண்பர்களுக்கும், அவ்வண்டியில் ஏறிச் சென்ற பழைய மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் வரலாறு

எம் வண்டி, இக்காலத்தார் எஸ்.யூ.வி. என வழங்கும் வகையைச் சார்ந்தது, உயர்ந்த உடலும் தனியான அடிச்சட்டமும் உடையது, டீசலால் ஓடுவது, 20 ஆண்டுக்கு மேற்பட்ட வயதினது. நம் நாட்டில் சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு புதுப்பிக்கப்பெற்று, சனிக்கிழமைதோறும் மாணவர்களை ஏற்றிக்கொண்டு, தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களிலுள்ள மாலைப் பள்ளிகளுக்குச் சென்று வருவதே அதன் தொழில். மற்ற ஆறு நாட்களும் அது கொட்டகையில் நிற்கும்.

அது செய்த பெருந்தொண்டு ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெய்த பேய்மழையை நம்முள் மறந்தார் இலர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. ஊர்கள் தீவுகளாயின. அந்நாட்களில் எம் வண்டி முழங்காலளவு நீரிற் சென்று சோற்றுப் பொட்டலங்களையும் குடிநீரையும் கொண்டு சேர்த்தது. நோயாளிகளை ஏற்றி வந்தது. ஆதலின் அதன்மேல் எம்மனோர்க்கு ஒரு பற்று உண்டாயிற்று. பின்னர் நிகழ்ந்தவற்றை அறிவதற்கு இப்பற்றினையும் கருத்தில் வைத்தல் வேண்டும்.

பேசிய நோய்

வண்டி முதலில் முறையிட்டது பாட்டரியைப் பற்றியே. சனிக்கிழமை காலையிற் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகும். சில வேளை 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். மாணவர் பின்னின்று தள்ளுவர். ஓடத் தொடங்கிய பின் அன்று முழுவதும் தொல்லை இராது. இரண்டாண்டில் இருமுறை புதுப் பாட்டரி வாங்கினோம். ஒவ்வொரு முறையும் சில மாதம் நலமாக இருந்து, பின்னர்ப் பழைய கதையே தொடர்ந்தது. மூன்றாம் பாட்டரிக்குப் பணம் கேட்டபொழுதுதான், "மருந்தை மாற்றுகின்றோமே தவிர நோயைப் பார்த்தோமில்லை" என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. பௌதிகப் பகுதி மாணவர் அறுவரைச் சேர்த்துக்கொண்டு வண்டியை அளந்து பார்க்கப் புகுந்தோம்.

ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் காஸ்டன் பிளான்டே என்பார் முதன்முதல் அமைத்தார். இன்றும் வண்டிகளில் எஞ்சினைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் வழிவந்த பாட்டரியே. ஆறு அறைகள் தொடராகச் சேர்ந்தது அது. ஓர் அறைக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று மேலாக, முழுமையும் ஏறிய நிலையில் 12.6 வோல்ட்டு காட்டும். 12.2 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏறத்தாழப் பாதி வற்றியது என்க. 12 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டதாயின் எஞ்சினைக் கிளப்ப அதனை நம்புதல் ஆகாது. எஞ்சின் ஓடும்பொழுது, பட்டறையார் டைனமோ என வழங்கும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் அதற்கு ஊட்டம் தரும். எம் வண்டியில் இவ்வூட்டம் குறைவின்றி இருந்தது. ஆகவே ஏற்றத்திற் குற்றமில்லை. நிற்கும்பொழுது எங்கோ ஒழுக்கு இருக்கின்றது என்று துணிந்தோம்.

ஒழுக்கை அளக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டுவது. வண்டியை அணைத்து, கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் இடையே 10 ஆம்பியர் வரை தாங்கும் அம்மீட்டரைத் தொடராக இணைத்தல் வேண்டும். இணைத்தவுடன் காட்டும் அளவை நம்பலாகாது. இக்கால வண்டிகளின் மின்னணுக் கருவிகள் உறங்கச் செல்வதற்கு அரைமணி நேரம் வரை ஆகும். அதுகாறும் காத்திருந்தே அளவைக் குறித்தல் வேண்டும். அம்மீட்டர் இணைந்திருக்கையில் மறந்தும் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பலாகாது. கிளப்பும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியராதலின் கருவி அக்கணமே பழுதாகும்.

கடிகாரம், பூட்டுக்காவல் முதலியவற்றின் பொருட்டு 50 மில்லி ஆம்பியருக்கு உட்பட்ட ஒழுக்கு எவ்வண்டியிலும் இருப்பது வழக்கம். எம் வண்டி காட்டியதோ 0.43 ஆம்பியர். இதனைச் சிறிதென்று எண்ணுவார் கணக்கிட்டுப் பார்ப்பாராக. 0.43 ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணிக்கு மேல் இழப்பாகும். எம் பாட்டரியின் கொள்ளளவு 70 ஆம்பியர்-மணி. மூன்றரை நாளிற் பாதி போய்விடும். ஆறாம் நாள் முடிவிற் பாட்டரி ஏறக்குறைய வறண்டிருக்கும். சனிக்கிழமைதோறும் வண்டி முனகியதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

பின்னர் ஒவ்வொரு பியூசாகக் கழற்றி அம்மீட்டரை நோக்கினோம். எல்லாவற்றையும் கழற்றியும் அளவு குறைந்திலது. பியூசுப் பெட்டியினூடே செல்லாத வழி ஒன்று உண்டென்பது அதனாற் புலனாயிற்று. இருக்கையைத் தூக்கிப் பார்த்தபொழுது, ஊர்களில் அறிவிப்புச் செய்வதற்கென்று பல ஆண்டுக்கு முன் பூட்டிய ஒலிபெருக்கிக் கருவியின் கம்பி, சாவியின் வழிச் செல்லாது நேரே பாட்டரியிற் கட்டப்பட்டிருந்தது. எவரும் பேசாத நேரத்தும் அது விழித்துக்கொண்டு மின்சாரத்தை உண்டு வந்தது. அக்கம்பியைக் கழற்றிய மாத்திரத்தில் அளவு 0.04 ஆம்பியராயிற்று. ஆறு நாள் நின்றாலும் இனி இழப்பு 6 ஆம்பியர்-மணிக்குள் அடங்கும்.

இரு பாட்டரிகள் ஏன் இளமையிலேயே இறந்தன என்பதும் ஈண்டு அறியத்தக்கது. பாட்டரி வற்றும்பொழுது தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு படிகின்றது. உடனே ஏற்றினால் அப்படிவு கரைந்து பழைய நிலை எய்தும். வற்றிய நிலையிலேயே பல நாள் விட்டுவைத்தால் அது தடித்த படிகங்களாய் இறுகி, பின் எவ்வளவு ஏற்றினும் கரையாது நின்றுவிடும். வாரந்தோறும் பட்டினி கிடந்த பாட்டரி வலிவிழந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது குற்றம்

ஒழுக்கு நின்றது, பாட்டரியை முழுமையும் ஏற்றினோம். எனினும் எஞ்சின் முன்போல் விறுவிறுப்பாகச் சுழலவில்லை. ஆதலின் இன்னொரு சோதனை செய்தோம். வோல்ட்டுமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் உடலிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னோம். அவ்விரண்டிற்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருத்தல் ஆகாது. கருவியோ 0.9 வோல்ட்டைக் காட்டிற்று.

இதன் பொருள் யாதெனின்: வண்டியில் மின்சாரம் ஒரு கம்பியிற் சென்று, மீண்டு வருவதற்கு வேறு கம்பி இன்றி, இரும்புச் சட்டத்தின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகின்றது. இதனையே பட்டறையார் 'எர்த்து' என்பர். எம் வண்டியில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பி அடிச்சட்டத்திற் பூட்டப்பட்டிருந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, செப்புப் பட்டை ஒன்று எஞ்சினுக்குச் சென்றது. ஆகவே சட்டம் வண்டியைத் தாங்கும் முதுகெலும்பு மட்டுமன்று. மின்னோட்டத்தின் மீள்வழியும் அதுவே. துருவோ மின்சாரத்தை எளிதிற் கடத்தாத பொருள். 150 ஆம்பியர் ஓடுமிடத்து 0.9 வோல்ட்டு இழந்தால் 135 வாட்டு ஆற்றல் அவ்விணைப்பிலேயே வெப்பமாய் வீணாகின்றது. பாட்டரியில் வலிமை இருந்தும் அது எஞ்சினைச் சென்று சேர்ந்திலது.

அப்பட்டையைக் கழற்றிச் சட்டத்தின் முகத்தைத் துலக்கி மீண்டும் பூட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணினோம். மாணவர் ஒருவர் கம்பித் தூரிகையால் அவ்விடத்தைத் தேய்க்கலானார். கருப்பு வர்ணம் உரிந்தது. அதன்கீழ்ப் பூச்சு மாவு உரிந்தது. அதன்கீழ்ப் பழுப்பான ஏடுகள் உதிர்ந்தன. பின்னர்த் தூரிகை சட்டத்தினுள்ளே சென்றுவிட்டது. ஒரு பெருவிரல் நுழையும் துளை! முன்பு எப்பொழுதோ யாரோ துளையை மாவினால் அடைத்து, மேலே வர்ணம் தீட்டியிருந்தனர். அன்றுவரை பாட்டரியின் முறையீட்டையே கேட்டுக்கொண்டிருந்த யாம், ஒரு சொல்லும் சொல்லாது அடியிற் கிடந்த பெருநோயை அப்பொழுதுதான் கண்டோம்.

துருவின் இயல்பு

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒருங்கே வேண்டும். ஒன்றின்றி ஒன்றால் ஆவதில்லை. இந்நிகழ்ச்சி உண்மையில் ஒரு சிறு பாட்டரியின் தொழிலே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டு நீரிற் கரைகின்றன. அவ்வெலெக்ட்ரான்கள் இரும்பினூடே மற்றோரிடத்திற்குச் சென்று, அங்கே நீரோடும் ஆக்சிஜனோடும் கூடுகின்றன. இவ்விரு இடங்களையும் புறத்தே இணைப்பது ஈரம். ஈரத்தில் உப்புக் கலந்தால் மின்சாரம் தடையின்றி ஓடும்; துருவும் விரையும்; உப்பிலுள்ள குளோரைடு இரும்பின்மேற் படியும் காப்புப் படலத்தையும் குலைக்கும். வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுது நிகழ்ந்தால் பாட்டரி என்கின்றோம். வேண்டாத இடத்தில் ஓயாது நிகழ்ந்தால் துரு என்கின்றோம்.

காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதனினும் மிக வறண்ட காற்றிலேயே கசியும். ஆறுமுகநேரி உப்பளத்து வழியே சென்று வந்த வண்டியின் அடியில் ஒட்டிய உப்பு, மழையே பெய்யாத நாளிலும் இரவுதோறும் சட்டத்தை நனைத்துக்கொண்டிருக்கும் என்பது இதனாற் பெறப்படும். குளிர் நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பு தூவுகின்றனர். அங்கும் இதே கேடுதான். அமெரிக்க நாட்டில் டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, செக்கோயா என்னும் வண்டிகளின் சட்டத் துருவைப் பற்றி எழுந்த வழக்கில், அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து வேண்டியவற்றுக்குச் சட்டம் மாற்றித் தர 2016ஆம் ஆண்டில் உடன்பட்டது. ஆகவே இஃது ஏழை நாட்டுப் பழவண்டிக்கு மட்டும் உரிய நோயன்று.

துரு எங்கே ஆழமாகும் என்பதை ஒரு சிறு சோதனையாற் காணலாம். கேம்பிரிட்ஜில் வாழ்ந்த யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் 1920களில் இதனை விளக்கினார். துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை இடுக. அந்நீரில் பினால்ப்தலீனும் பொட்டாசியம் பெரிசயனைடும் சிறிது கலந்திருக்கட்டும். சில நிமிடங்களில் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகும், நடுவிடம் நீலமாகும். நீலம் இரும்பு கரைவதைக் காட்டும் நிறம். காற்று எளிதிற் புகும் விளிம்பில் இரும்பு பிழைக்கின்றது. காற்றுக் குறைந்த நடுவிலேதான் அரிக்கப்படுகின்றது! எம் ஆய்வுச் சாலையில் இதனைக் கண்ட மாணவர்க்கு வண்டியின் கதை தெளிவாயிற்று. சேறு அப்பிய மூலையிலும், பெட்டிச் சட்டத்தின் உட்புறத்திலும், உரிந்து தொங்கும் வர்ணத்தின் அடியிலும் ஈரம் தங்கும், காற்று குறையும், அங்கேதான் இரும்பு ஆழமாய்த் தின்னப்படும். வெளியே பளபளப்பு, உள்ளே பாழ். 2023ஆம் ஆண்டு வெள்ளத்தில் அவ்வண்டி செய்த தொண்டின் கூலியாக, சட்டத்தினுள் ஒரு கைப்பிடி வண்டல் படிந்து கிடந்ததைத் துளையின் வழியே கண்டோம். நீர் வடிதற்கென்று செய்தவர் வைத்த சிறு துளைகளை அவ்வண்டலே அடைத்திருந்தது.

"தில்லியிலுள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டாகத் துருவாது நிற்கின்றதே" என்று மாணவர் ஒருவர் வினவினார். நல்ல வினா. அத்தூணின் இரும்பிற் பாஸ்வரம் மிகுதியாக இருத்தலின் அதன்மேல் இறுகிய காப்புப் படலம் ஒன்று உருவாகியுள்ளது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. கடலோரத்து இரும்பிற்கு அப்பேறு இல்லை. 1914ஆம் ஆண்டில் திறந்த பாம்பன் ரயிற்பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதுப்பாலம் திறக்கப்பெற்றது. அத்துணைப் பெரும்பாலத்தையும் ஓயாது வர்ணம் பூசியே நூறாண்டு காத்தனர் என்பதை நினைவிற் கொள்க. இத்தகைய அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1948ஆம் ஆண்டு கால்கொள்ளப்பெற்று, 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது அந்நிலையம்.

மருந்தும் போலி மருந்தும்

துரு மேலோட்டமாயின் மருந்து உண்டு. முதலாவது, நன்னீரால் உப்பையும் சேற்றையும் கழுவிக் காயவிடுதல். இரண்டாவது, உதிரும் துருவை இரும்பு தெரியும்வரை சுரண்டுதல். மூன்றாவது, சுரண்டியும் எஞ்சும் மெல்லிய துருவுக்குத் துருமாற்றி பூசுதல்; அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு கூடிக் கரிய உறைந்த பொருளாகும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பை இட்டு நம் முன்னோர் கருமை செய்ததும் இவ்விதியே. நான்காவது, துத்தநாகம் மிகுந்த அடிவர்ணமும் அதன்மேல் வர்ணமும். ஐந்தாவது, தூரிகை எட்டாத பெட்டியின் உட்புறத்தில் மெழுகெண்ணெயைப் பீச்சுதல். வடிதுளைகளை எக்காலத்தும் அடையாது காத்தல் இவற்றுள் எல்லாம் தலையாயது.

செய்யலாகாதனவும் உள. துருவின்மேல் நேரே தார் அல்லது ரப்பர்ப் பூச்சுப் பூசுதல் நோயைத் துணிபோட்டு மூடுதலேயாம். ஈரம் உள்ளே சிறைப்பட்டுக் கேடு இரட்டிக்கும். பாட்டரியில் ஒரு சிறு பெட்டியை இணைத்தால் துரு நில்லாது ஓடும் என்று விற்பாரும் உளர். கப்பலின் செப்புத் தகட்டைத் துத்தநாகத்தாலும் இரும்பாலும் காக்கலாம் என்று சர் ஹம்பிரி டேவி 1824ஆம் ஆண்டில் கண்டது உண்மையே. ஆனால் கப்பலின் அடிப்புறம் கடல்நீரில் அமிழ்ந்திருப்பதால் ஆங்கு மின்சுற்று நிறைவுறுகின்றது. காற்றில் நிற்கும் வண்டியைச் சூழத் தொடர்ந்த நீர் இல்லை; ஆகவே அப்பெட்டி பயனற்றது; வேண்டுமானால் பாட்டரியைச் சிறிது வற்றச் செய்யும்!

துணிவு

எம் வண்டிக்கோ மேலோட்டமான மருந்து போதாது. சுத்தியலால் சட்டம் முழுவதும் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். கெட்ட இடம் மட்டையாய் ஒலிக்கும். பின்புற வில் தொங்குமிடத்தின் அருகே இருபுறமும் மட்டை ஒலியே கேட்டது. 3 மில்லிமீட்டர் தடித்திருந்த தகடு பல இடங்களில் ஒன்றரையாய்க் குறைந்திருந்தது. பெட்டிச் சட்டத்தில் தகடு பாதியானால் வளைவைத் தாங்கும் வலிமையும் ஏறத்தாழப் பாதியாகும். அன்றியும், இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருப்பின் அதன் விளிம்பில் தகைவு மும்மடங்காகும். ஒவ்வொரு குழியிலும் விழுந்தெழும் வண்டியில் விரிசல் தொடங்குவது அவ்விடத்தேதான். இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்று இருந்தது. சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக்குக் குழாயும் துருவால் புள்ளி புள்ளியாய்க் குழிந்திருந்தது. அக்குழாய் ஒரு நாள் அழுத்தத்தில் வெடித்திருக்குமாயின், பன்னிரு மாணவரோடு சென்ற வண்டி எங்கே நின்றிருக்கும்?

இருவகைக் கருத்து எழுந்தது. "குழாயை மாற்றி, நான்கு தகடு ஒட்டினால் இன்னும் ஐந்தாண்டு ஓடும், வெள்ளத்தில் ஊரைக் காத்த வண்டியைக் கைவிடலாமா?" என்றனர் சிலர். யாமும் உள்ளத்தளவில் அவர் பக்கமே இருந்தோம். ஆதலின் வயது முதிர்ந்த வெல்டர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் வண்டியின் அடியிற் படுத்துக் கால்மணி நேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, ஒட்டுப் போடுறதுக்கு நல்ல இரும்பு வேணும். இங்க நெருப்பு வச்சா ஓட்டைதான் பெருசாகும். காசு வாங்கிட்டு ஒட்டித் தந்துரலாம், ஆனா பிள்ளைங்க ஏறுற வண்டி" என்றார். வேலையை வேண்டாவென்று சொன்னதனால் அவருக்கு அன்றைக் கூலி இல்லை. அச்சொல் எம் அளவுகள் அனைத்தையும் விடத் தெளிவாக வழக்கைத் தீர்த்தது. இனி ஆள் ஏற்றுதல் இல்லை என்று அன்றே முடிவாயிற்று.

வண்டியின் பதிவை முறைப்படி நீக்கக் கல்லூரி ஏற்பாடு செய்தது. எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் பட்டறை வகுப்பில் மாணவர் பயில்வதற்கு நிற்கின்றன. புதுப் பாட்டரி ஆய்வுச் சாலையில் உழைக்கின்றது. சட்டத்தில் ஒரு முழம் அறுத்தெடுத்து, ஒரு பக்கம் வர்ணத்தோடும் மறுபக்கம் துருவோடும் சாளரத்தருகே வைத்துள்ளோம். மாலைப் பள்ளிகளுக்கு மாணவர் இப்பொழுது பேருந்திற் செல்கின்றனர். சற்றுத் தாமதமாயினும் பள்ளி ஒரு சனிக்கிழமையும் நின்றதில்லை.

மாணவ நண்பர்காள்! இவ்வாராய்ச்சியால் யாம் கற்றது ஒன்று. பாட்டரியின் குற்றம் வாரந்தோறும் வாய்விட்டுக் கூவிற்று; அதற்கு இரண்டு ஆண்டும் இரு பாட்டரி விலையும் செலவிட்டோம். அக்குற்றம் பெரும்பாலும் ஒரு கம்பியின் அளவினது, கழற்றியவுடன் தீர்ந்தது. சட்டத்தின் குற்றமோ ஒருபொழுதும் வாய் திறந்ததில்லை. உயிர்களைத் தொங்கவிட்டிருந்தது அதுவே. கூவும் குற்றத்தைத் தீர்த்தவுடன் எழுந்து போகாமல், கூவாத குற்றம் ஏதேனும் அடியிலே உண்டோ என்று குனிந்து பார்த்தல் வேண்டும். வீட்டில் பழைய வண்டி உடையார், இவ்விதழை மூடிய பின், ஒரு சுத்தியலையும் ஒரு விளக்கையும் எடுத்துக்கொண்டு அதன் அடியில் ஒருமுறை படுத்தெழுவாராக. துலக்கித் தட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். மணியோசை கேட்பின் மகிழ்க. மட்டையோசை கேட்பின், வர்ணப் பெட்டியைத் தேடுவதற்கு முன், மெய் சொல்லும் ஒரு வெல்டரைத் தேடுக.